சஷ்டிக்கு முதல் மூடின போத்தல்கள்

என்ர மனுசன் வெள்ளிக்கிழமையில பியர் தொடமாட்டார். மற்ற ஆறு நாளும் தொடுவார். மெல்பேர்ணில அப்ப விரல்விட்டு எண்ணக்கூடிய தமிழ்க் குடும்பங்கள்தான். அந்த அத்தனை வீட்டிலயும் இவர் இதைப் பெரிய ஒழுக்கமாச் சொல்லித் திரிஞ்சார். ‘வெள்ளியெண்டா நான் வலு சுத்தம்’ எண்டுவார். அப்ப வியாழக்கிழமை என்ன ஊத்தையோ எண்டு நான் கேட்டா, ‘உமக்கு எல்லாம் பகிடிதான்’ எண்டுபோட்டுப் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைச்சுக்கொள்ளுவார்.

இந்தச் சுத்தத்தில ஒரு இடைஞ்சல் இருந்தது. இவர் என்ஜினியரா வேலை செய்த கந்தோரில வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் எல்லாரும் கூடிநிண்டு பியர் குடிக்கிறது. எழுபதுகளின்ர நடுப்பகுதி, வீட்டில பியர் காய்ச்சலாமெண்டு சட்டம் இடங்குடுத்துக் கொஞ்சக் காலந்தான். ஆளாளுக்குக் கராஜுக்குள்ள காய்ச்சி, பழைய போத்தல்களில அடைச்சுக் கொண்டுவந்து, என்ரதைக் குடிச்சுப் பார், உன்ரதைக் குடிச்சுப் பார் எண்டு நிப்பினமாம். இவற்ர மனேஜர் அதில விண்ணனாம். இவர் மட்டும் தோடம்பழத் தண்ணியும் கையுமா ஒரு மூலையில. அந்த மூலையில நிண்டு நிண்டு இவருக்கு ஒரு எண்ணம் வந்திட்டுது. தானும் காய்ச்சவேணும், மனேஜரை வீட்டுக்குக் கூப்பிட்டுக் குடுக்கவேணும், அந்தாள் ‘நீயும் எங்கட ஆள்தான்’ எண்டு முதுகில தட்டவேணும். நவம்பரில இஞ்ச ஒரு குதிரை ஓட்டம், கப் எண்டு சொல்லுவினம்; அதுக்கு முழு நகரத்துக்கும் லீவு. அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் மனேஜரும் பெண்சாதியும் எங்கட வீட்டுக்கு வாறதெண்டு ஒழுங்காச்சுது. குதிரை ஓடுறதுக்கு லீவு விடுற சனத்திட்ட நல்ல பேர் வாங்க இவருக்கு என்ன தவிப்போ, நான் அறியன்.

இனி என்ர பாட்டைச் சொல்லுறன். கொழும்பில நான் ஆஸ்பத்திரி லாப்பில வேலை செய்தனான். ரத்தம், சளி, மூத்திரம் எல்லாம் என்ர கையாலதான் போகும். இஞ்ச வந்து ரெண்டு வருசமா வாடகை வீட்டுக் குசினியில வெங்காயம் உரிச்சுக்கொண்டு இருந்தன். அந்த நேரத்திலதான் ஒரு ஆஸ்பத்திரி லாப்பில என்னை எடுக்கிறமெண்டு சொன்னவை. கப் லீவுக்கு அடுத்த நாள் புதன்கிழமைக்குள்ள ஓமோ இல்லையோ சொல்லவேணும். அதுக்கு அடுத்த திங்கள் தொடங்கவேணும். இவர் ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை. ‘பெண்சாதியை வேலைக்கு விட்டா ஆக்கள் என்ன கதைப்பினம்?’ எண்டு மட்டும் கேப்பார். எந்த ஆக்கள்? பக்கத்து வீட்டுக்காரிக்கு என்ர பேரே வாயில வராது. கதைக்க ஆக்களே இல்லாத ஊரில இருந்துகொண்டு ஆக்களுக்குப் பயப்பிட இவராலதான் ஏலும். எனக்கு அந்த வேலை வேணும். பசிச்சவனுக்குச் சோறு வேணுமெண்ட மாதிரி வேணும்.

ஒக்டோபரில இவர் பியர் காய்ச்சத் தொடங்கினார். காய்ச்சிறதெண்டா என்ன, குப்பை போடுற பிளாஸ்ரிக் வாளி புதுசா ஒண்டு வாங்கி, தகர டின்னில வாற மோல்ற் பாணியையும் சீனியையும் சுடுதண்ணியில கரைச்சு, ஆறினாப் பிறகு ஈஸ்ற்றைத் தூவி மூடி வைக்கிறது. அவ்வளவுதான். அதுக்கு இவர் காட்டின ஆரவாரம் ஒரு கும்பாபிஷேகத்துக்குக் காணும். என்னைக் கிட்ட வர விடேல்லை. ‘இது நுணுக்கமான வேலை’ எண்டார். நுணுக்கமான வேலைக்காரர் வாளியைக் கொண்டுபோய் வைச்ச இடம், உடுப்புத் தோய்க்கிற அறையின்ர சீமெந்து நிலம். மெல்பேர்ணின்ர ஒக்டோபர்க் குளிரில அந்த நிலத்தில கால் வைச்சா உச்சி மட்டும் விறைக்கும்.

முதல் ரெண்டு நாள் நுரைச்சுது. பேந்து அடங்கிப்போச்சு. இவருக்குப் பெரிய புளுகம். ‘நொதிச்சு முடிஞ்சுது, பாத்தீரோ? ஒரு குமிழி இல்லை’ எண்டார்.

குமிழி இல்லாததுக்குக் காரணம் குளிர். ஈஸ்ற் உயிருள்ள சாமான். குளிர்ந்தால் அது சுருண்டு படுத்திடும், செத்துப்போகாது. மனேஜரே இவருக்குச் சொல்லி விட்டவர்: குமிழியை நம்பாதே, மிதவைக் குழாயைப் போட்டு அளந்து பார், எண் பத்துக்குக் கீழ இறங்கி ரெண்டு மூண்டு நாள் அசையாமல் நிண்டாத்தான் போத்தலில அடை எண்டு. சீனி கிடக்கக் கிடக்கத் தண்ணி தடிப்பா இருக்கும், குழாய் உயர மிதக்கும். ஈஸ்ற் சீனியைத் தின்னத் தின்னக் குழாய் தாழும். சீனி மிச்சம் இருக்கேக்க மூடி அடிச்சா, போத்தலுக்குள்ள ஈஸ்ற் திரும்ப எழும்பித் தின்னும், காற்று வெளிய போக வழியில்லாமல் போத்தல் வெடிக்கும். இதில விளங்காமல் இருக்க என்ன இருக்கு? இவர் பாலம் கட்டுற என்ஜினியர். ஆனா அந்தக் குழாய் வாங்கேல்லை. ‘உதெல்லாம் வெள்ளையளின்ர படங்காட்டல். எங்கட ஊரில கள்ளு ஆரேன் அளந்து பாத்தவனே?’

என்னட்ட ஒரு குழாய் இருந்தது. யூரினோமீற்றர் எண்டு சொல்லுறது. மூத்திரத்தின்ர தடிப்பை அளக்கிறது. படிச்சு முடிச்ச கையோட வாங்கினனான், பஞ்சுக்குள்ள சுத்தி ட்ரங்குப் பெட்டியில கொண்டுவந்தது. ஒரு சொட்டு மூத்திரமும் பட்டறியாதது. மூத்திரமெண்டாலும் பியரெண்டாலும் தண்ணியில கரைஞ்சதை அளக்கிறது ஒரே கணக்குத்தானே. இவர் வேலைக்குப் போனாப் பிறகு ஒரு உயரக் கிளாசில கொஞ்சம் அள்ளி, குழாயை மிதக்கவிட்டுப் பாத்தன். இருபத்திரண்டு. அள்ளினதைத் தொட்டியில ஊத்திப்போட்டன். அடுத்த நாளும் பாத்தன். அதே இருபத்திரண்டு.

அண்டு பின்னேரம் சொன்னன். ‘இஞ்சாருங்கோ, இருபத்திரண்டில நிக்குது. மனேஜர் சொன்னது பத்துக்குக் கீழ எல்லோ?’

‘என்னத்தால அளந்தனீர்?’

சொன்னன். அட கடவுளே, அந்த முகத்தைப் பாக்க வேணும். ‘மூத்திரம் அளக்கிற சாமானை என்ர பியருக்குள்ள விட்டனீரோ!’

புதுக் குழாய், வேற கிளாஸ், அள்ளினதையும் ஊத்திப்போட்டன் எண்டு எத்தினை தரம் சொன்னாலும் ஏறேல்லை. ‘அதின்ர பேரே காணும்’ எண்டார். ‘ஒருத்தருக்கும் மூச்சு விடாதையும். மனேஜருக்குத் தெரிஞ்சா என்ர மானம் கப்பலேறும்.’ இருபத்திரண்டைப் பற்றி ஒரு கதையும் இல்லை. குப்பை வாளியில புளிச்ச தண்ணியைக் குடிக்கப் போற மனுசனுக்குத் தீட்டுத் துடக்குத்தான் கவலை.

அந்த நேரம்தான் கந்தசஷ்டி வந்தது. ஆறு நாள் விரதம். இவர் பாலும் பழமும் மட்டும் எடுக்கிறவர். அதில நான் குறை சொல்லேல்லை, நானும் பிடிக்கிறனான். ஆனா சஷ்டிக்கு முதல் நாள் பின்னேரம் பாத்தா, இவற்ர கூட்டாளி மூடி அடிக்கிற சாமானோட வந்து நிக்கிறார். கூட்டாளி எங்களுக்கு முதல் மெல்பேர்ண் வந்த எக்கவுண்டன். முதல் வந்ததே ஒரு பட்டம் எண்ட நினைப்பு அவருக்கு.

‘என்ன அண்ணை, இண்டைக்கோ அடைக்கப் போறியள்?’ எண்டன்.

‘ஓம் தங்கச்சி. நாளைக்குச் சஷ்டியெல்லோ.’

எனக்கு விளங்கேல்லை. வாளியில கிடக்கட்டும், அறைக்குள்ள ஹீற்றரை வைச்சுக் கொஞ்சம் சூடாக்கினா ஈஸ்ற் எழும்பும், ஆறு நாளில தானா நொதிச்சு முடியும், விரதம் முடிய அடைக்கலாம், கப்புக்கு நேரம் காணாட்டிக் கடைப் பியர் குடுங்கோ எண்டு சொன்னன். இவர் காதைப் பொத்தினார். ‘விரத வீட்டில பியர் நொதிச்சுக்கொண்டு இருக்கிறதோ? குசினி அலுமாரியில முருகன் இருக்கிறார்!’

‘போத்தலுக்குள்ள நொதிச்சா மட்டும் முருகன் ஓமெண்டுவாரோ?’

‘மூடி போட்டா அது வேற’ எண்டார் கூட்டாளி.

மூடி போட்டா வேற! சூரனையே தேடிப் பிடிச்ச கடவுளுக்கு ஒரு தகர மூடி மறைச்சுப்போடும் எண்டு நினைக்கிற பக்தி இது. நாலு போத்தல் கழுவத் தெரியாத ரெண்டு பேர் எனக்குச் சமயம் படிப்பிக்கினம். மனேஜர் போத்தலுக்கு ஒரு தேக்கரண்டி சீனி, அதுவும் மட்டம் தட்டி எண்டு சொல்லி விட்டிருக்கிறார், அது நுரைக்கு. கூட்டாளி குவிச்சுக் குவிச்சு அள்ளிப் போடுறார். ஏனண்ணை எண்டா, ‘வாற விருந்தாளிக்குச் சீனியில கஞ்சத்தனம் பாக்கிறதோ தங்கச்சி?’ தேத்தண்ணிக்குப் போடுற சீனியெண்டு நினைச்சிருக்கிறார், விசர் மனுசன்.

எனக்கு அடக்க ஏலாமல் வந்திட்டுது. ‘உது வெடிக்கும்’ எண்டன். ‘வெடிக்காட்டி நான் வேலைக் கதையே எடுக்கமாட்டன். வெடிச்சா நான் வேலைக்குப் போவன். சரியோ?’

இவர் சிரிச்சார். கூட்டாளிக்கு முன்னால சிரிக்காமல் என்ன செய்யிறது. ‘சரி. வெடிச்சா நீர் போம்.’

‘முருகனுக்கு முன்னால சொல்லுங்கோ.’

குசினி அலுமாரியைத் திறந்து, படத்துக்கு முன்னால, கூட்டாளி சாட்சியாச் சொன்னார். கெடுகுடி சொற்கேளாது எண்டு சும்மாவே சொன்னவை. இண்டைக்கு அதுவும் எனக்கு நல்லதுக்குத்தான் எண்டு நினைச்சன்.

போத்தல்களை முருகன் இருக்கிற கூரைக்குக் கீழ வைக்கக் கூடாதாம். பின்வளவில கிடந்த தகரக் கொட்டிலுக்குள்ள கொண்டுபோய் அடுக்கினார். விரதம் முடியுமட்டும் ஒருத்தரும் தொடக்கூடாதெண்டு எனக்கும் கட்டளை.

நாலு நாள் குளிர். ஐஞ்சாம் நாள் காலமை ரேடியோவில வடக்குக் காத்து வருகுதெண்டு சொன்னவை. மெல்பேர்ணில இருந்தவைக்கு அந்தக் காத்துத் தெரியும்; நேற்றுக் கம்பளிச் சட்டையோட நிண்டவன் இண்டைக்கு வேர்த்து ஒழுகுவான். இவர் வாழைப்பழத்தை உரிச்சுக்கொண்டு வேலைக்கு வெளிக்கிடுறார். என்ர வேலை அந்தப் போத்தல்கள் வெடிக்கிறதிலதான் இருக்கு. எண்டாலும் வாய் சும்மா கிடக்கேல்லை.

‘கொட்டில் அடுப்பாகப் போகுது. மூடியை நெம்பிக் காத்தை விட்டுத் திரும்ப அடிக்கலாம். இல்லாட்டி வீட்டுக்குள்ள எடுப்பம்.’

‘விரதத்தில மதுவைத் தொடுறதோ? நீரும் தொடாதையும்.’

போட்டு வாறன் எண்டுபோட்டுப் போனார்.

மத்தியானம் நான் கொடியில உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நிண்டன். படார் எண்டு ஒரு சத்தம். பேந்து இன்னொண்டு. பேந்து சூரன்போர்தான், தகரத்தில கண்ணாடி பாயிற சத்தத்தில பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால எட்டிப் பாத்தாள். எனக்குப் பயம், சந்தோசம், ரெண்டும். ரெண்டையும் மறைக்க மாட்டன்.

ஆனாலும் கிடக்கிற மிச்சம் வெடிச்சு ஆற்றையேன் கண் போனா? சத்தம் கொஞ்சம் ஓய்ஞ்ச இடைவெளியில, பழைய கம்பளி ரெண்டைத் தண்ணியில தோய்ச்சு, வாசலில நிண்டபடியே போத்தல்களுக்கு மேல எறிஞ்சன். தோட்டக் குழாயைத் திருப்பிக் கூரையில பிடிச்சன். பின்னேரம் காத்து மாறிக் குளிருமட்டும் பிடிச்சன். அப்பிடித்தான் ஏழெட்டுப் போத்தல் தப்பினது. நான் ஒரு போத்தலையும் தொடேல்லை, கட்டளையை மீறேல்லை.

இவர் வந்தார், பாத்தார். கூட்டாளிக்கு டெலிபோன் பண்ணினார், அவரும் வந்தார். கொட்டில் வாசலில ரெண்டு பேரும் மரண வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கினம்.

‘கண்ணூறுதான்’ எண்டார் கூட்டாளி.

‘இல்லை, வெயில்’ எண்டார் இவர்.

‘சரி, வெடிச்சுது. நான் ஆஸ்பத்திரிக்குச் சொல்லட்டோ?’ எண்டன் நான்.

‘அது வேற, இது வேற’ எண்டார். ‘நீர் சொன்னது நொதிச்சு முடியாததால வெடிக்குமெண்டு. இது வெயிலுக்கு வெடிச்சது. இந்த வெயில் வருமெண்டு ஆருக்குத் தெரியும்?’

காலமை நான் சொன்னனான். ரேடியோ சொன்னது. ஆடமாட்டாதவள் கூடம் கோணல் எண்டாளாம். கூட்டாளியைத் திரும்பிப் பாத்தன், சாட்சியெல்லோ. அவர் சப்பாத்தைக் குனிஞ்சு பாக்கிறார். ‘தங்கச்சி, பகிடிக்குச் சொன்னதை எல்லாம் பிடிச்சுக்கொண்டு நிக்கிறதோ’ எண்டார். முருகனும் ஒண்டும் சொல்லேல்லை. அண்டைக்கு நான் அழுதன். கோபத்தில அழுதன், இந்தச் சொல்லை நம்பி நெஞ்சடிக்க நிண்டனே எண்டு என்னிலயே எனக்கு வெறுப்பு.

விரதம் முடிஞ்சுது. தப்பின போத்தல்களைக் கையுறை போட்டு எடுத்து ஃப்ரிட்ஜுக்குள்ள வைச்சார் இவர். செவ்வாய்க்கிழமை வந்தது. ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பொரியல், கடைப் பியரும் ஒரு பெட்டி. அடுத்த நாள் பொழுதுபடக்கு முதல் நான் ஆஸ்பத்திரிக்கு ஓமோ இல்லையோ சொல்லவேணும்; இவர் வாய் திறக்கிறதாக் காணேல்லை. மனேஜர் நல்ல உயரமான, சிவந்த மனுசன். வந்து கதிரையில இருந்த உடன கடைப் பியரைத் தள்ளி வைச்சுப்போட்டு, ‘எங்க உன்ர பியர்?’ எண்டு கேட்டார்.

இவர் ஒரு போத்தலைக் கொண்டுவந்து மூடியை நெம்பினார். அவ்வளவுதான். நுரை முகட்டில அடிச்சுது. முகட்டில இருந்து இவற்ர புதுச் சேட்டில சொட்டினது. மனேஜரின்ர பெண்சாதி காலைத் தூக்கிக்கொண்டு கதிரையில ஏறியிருந்தா. மனேஜர் மட்டும் அசையேல்லை. கிளாசை நீட்டி, போத்தலில மிஞ்சினதைப் பிடிச்சார்.

‘எந்த எண்ணில அடைச்சனீ?’ எண்டு கேட்டார்.

‘பத்துக்குக் கீழ’ எண்டார் இவர். முழுப் பூசணிக்காயைச் சோத்தில மறைக்கிறது எண்டா இதுதான். முகட்டில இருந்து பூசணிக்காய் சொட்டிக்கொண்டு இருக்கு.

‘இருபத்திரண்டு’ எண்டன் நான் குசினி வாசலில நிண்டு.

மனேஜர் திரும்பினார். ‘ஆர் அளந்தது?’

‘நான்தான்.’

‘வெடிக்குமெண்டு சொல்லேல்லையோ?’

‘சொன்னனான்.’

மனேஜர் இவரைப் பாத்துத் தலையை ஆட்டினார். பிறகு கிளாசை வாய்க்குக் கொண்டுபோய் ஒரு மிடறு குடிச்சார். ‘உருசை பிழையில்லை’ எண்டார். இன்னொரு மிடறு குடிச்சுப்போட்டு என்னைக் கேட்டார், ‘எதால அளந்தனீங்கள்? உங்களிட்டக் குழாய் இருக்கெண்டு இவன் சொல்லேல்லையே.’

இவற்ர முகத்தில ஈயாடேல்லை. கண்ணாலயே என்னைக் கும்பிட்டார். ரெண்டு வருசத்தில முதல் தரமா என்ர வாயிலிருந்து என்ன வரப்போகுதெண்டு இந்த மனுசன் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு பாத்துக்கொண்டிருக்கிறார். நான் அவசரப்படேல்லை. அகப்பையைக் கழுவினன். சீலைத் தலைப்பில கையைத் துடைச்சன். வாயைத் திறந்தன்.

‘இவ ஆஸ்பத்திரி லாப்பில வேலை!’ எண்டு இவர் பாய்ஞ்சு விழுந்து சொன்னார். ‘வாற திங்கள் தொடங்கிறா. அளக்கிறது நிறுக்கிறது எல்லாம் இவவுக்குத் தண்ணிபட்ட பாடு. லாப்பில பாவிக்கிற மாதிரி ஒரு குழாய், அவ்வளவுதான்.’

மனேஜரின்ர பெண்சாதி கதிரையால இறங்கி வந்து என்ர ரெண்டு கையையும் பிடிச்சா. மனேஜர் அந்தக் கிளாசையே உயத்திப் பிடிச்சு, ‘அப்ப இனி நீங்கள் அளவுங்கோ, இவன் போத்தல் கழுவட்டும்’ எண்டு சொல்லி மிச்சத்தையும் குடிச்சு முடிச்சார். எழும்பி வந்து முதுகில தட்டினார். இவற்ர முதுகில இல்லை, என்ர முதுகில.

‘ஓம்’ எண்டன் நான். ‘வாற திங்கள்தான்.’

அவையள் போனாப் பிறகு இவர் முகட்டைத் துடைச்சுக்கொண்டு, ‘அது சும்மா அந்த நேரத்துக்குச் சொன்னது’ எண்டு தொடங்கினார். ‘அப்ப வெள்ளிக்கிழமை கந்தோரில மனேஜருக்கு அதைச் சொல்லுங்கோ. எந்தக் குழாயெண்டதையும் சொல்லுங்கோ’ எண்டன். இவர் திரும்பவும் முகட்டைத் துடைக்கத் தொடங்கினார். புதன்கிழமை காலமை ஆஸ்பத்திரிக்கு டெலிபோன் பண்ணி ஓம் எண்டு சொன்னன்.

அதுக்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் மனேஜர் இவரைக் கேப்பாராம், பெண்சாதியின்ர வேலை எப்பிடி எண்டு. இவரும் தோடம்பழத் தண்ணியோட நிண்டு நல்லாப் போகுது எண்டு சொல்லுவாராம். இப்ப மெல்பேர்ணுக்குப் பக்கத்தில, த பேசின் எண்ட இடத்தில, பிள்ளையாருக்குக் கோயில் இருக்கு; காரில கூட்டிக்கொண்டு போய்ச் சந்நிதியில இவர் பக்தியோட கண்ணை மூடிக்கொண்டு நிக்கேக்க எனக்கு இன்னும் பத்திக்கொண்டுதான் வரும். கட்டினவளுக்குச் சொன்ன சொல் நிக்கேல்லை. கூட்டாளியைச் சாட்சி வைச்சுச் சொன்னதும் நிக்கேல்லை. முருகனுக்கு முன்னால சொன்னதும் நிக்கேல்லை. வெள்ளைக்காரனுக்குப் பயந்து வாயில வந்த பொய் ஒண்டுதான் நிண்டது. அந்தப் பொய்யில நான் ஓய்வெடுக்குமட்டும் சம்பளம் வாங்கினனான்.